குடிகள் இல்லாத ராஜ்யம்

பாவூர்சத்திரத்தில் எனக்குப் பழக்கமான எண்ணெய்ச் செக்கு ஒன்று உண்டு. செக்கு என்றால் மாடு சுற்றுகிற செக்கு அல்ல. அந்தக் காலம் போய்விட்டது. மோட்டாரில் ஓடுவதுதான். ஆனாலும் பழைய பெயரை ஊர் விடவில்லை. காய்கறிச் சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அங்கே அரை மணி நேரம் உட்காராமல் வந்தால் எனக்கு அன்றைய பொழுது பொழுதாகத் தோன்றாது. கொப்பரை வாசனையும் பிண்ணாக்கு வாசனையும் கலந்து வரும். அதோடு ஊர்ச் சமாசாரம், உலகச் சமாசாரம் எல்லாம் கிடைக்கும்.

2025 மே மாதக் கடைசியில் ஒருநாள், செக்குக்கார அண்ணாச்சி பத்திரிகையைக் கையில் வைத்துக்கொண்டு, "டியகோ கார்சியா, டியகோ கார்சியான்னு பேப்பர்ல போடுதானுவளே, அது எங்க வே இருக்கு?" என்று கேட்டார். அவருடைய பேரன் பள்ளிக்கூடத்து அட்லாஸை எடுத்து வந்தான். மூன்று பேருமாகத் தேடினோம். கன்னியாகுமரிக்குக் கீழே, மாலத்தீவையும் தாண்டி, பூமத்திய ரேகைக்கும் தெற்கே, நீலக் கடலில் கடுகு சிந்தியதுபோலச் சில புள்ளிகள். பேரன் அடிக்கோலை வைத்து அளந்தான். பாவூர்சத்திரத்திலிருந்து நேர்கோட்டில் டில்லி ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். அந்தத் தீவு ஏறத்தாழ 1,900 கிலோமீட்டர். அண்ணாச்சிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை.

"அப்போ டில்லியவிட இது நமக்குப் பக்கம்லா! அங்க யாரு இருக்கா?"

"ஊர் ஜனங்கள் யாரும் இல்லை, அண்ணாச்சி. இருந்தவர்களை ஐம்பது வருஷத்துக்கு முன்பே வெளியேற்றிவிட்டார்கள். அமெரிக்கப் பட்டாளம் இருக்கிறது. ஆட்சி பிரிட்டிஷ்காரர் கையில்."

அண்ணாச்சி சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "குடியே இல்லாத ஊருக்கு ஆட்சி எதுக்கு வே?" என்றார்.

அது விளையாட்டாகக் கேட்ட கேள்வி அல்ல. ராஜ்யத்துக்கு வேண்டிய அங்கங்களை எண்ணும்போது வள்ளுவர் சேனையையும் கோட்டையையும் மட்டும் சொல்லி நிறுத்திவிடவில்லை. குடிகளையும் சேர்த்தே எண்ணினார். படை மட்டும் இருந்து குடிகள் இல்லாத இடத்துக்கு நம் பக்கத்தில் பாளையம் என்று பெயர். ராஜ்யம் என்று பெயர் இல்லை. ஆனால் நமக்கு இவ்வளவு பக்கத்தில், 1965-ம் வருஷம் முதல், குடிகள் இல்லாத ராஜ்யம் ஒன்று சகல ராஜ சின்னங்களோடும் நடந்து வந்திருக்கிறது. அது எப்படி உண்டாயிற்று, எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

தீவுக்கூட்டத்தின் பெயர் சாகோஸ். பெரிதும் சிறிதுமாக அறுபதுக்குக் கொஞ்சம் குறைவான தீவுகள். எல்லாவற்றிலும் பெரியது டியகோ கார்சியா. நீளவாக்கில் வளைந்த லாடத்தைப்போல இருக்கும் அது. நடுவே பெரிய கப்பல்களும் நிற்கக்கூடிய ஆழமான காயல். சர்க்கார் தஸ்தாவேஜுகளில் இதற்கு பிரிட்டிஷ் இந்து மகாசமுத்திரப் பிரதேசம் என்று பெயர். இதை ஆள்வதற்கு ஒரு கமிஷனர் உண்டு. ஆரம்பத்தில் செஷல்ஸ் தீவுகளின் கவர்னரே இதற்கும் கமிஷனராக இருந்தார். 1976-ல் செஷல்ஸ் சுதந்திரம் அடைந்த பிறகு அந்த நாற்காலி லண்டனுக்குப் போய்விட்டது. வெளிநாட்டு இலாகாவின் உத்தியோகஸ்தர் ஒருவர் அங்கிருந்தபடியே இந்தத் தீவுகளை ஆண்டார். பல வருஷங்களாக, தென்துருவத்தில் இருக்கும் பிரிட்டிஷ் பிரதேசத்துக்கும் அவரேதான் கமிஷனர். அங்கே பென்குவின் பறவைகள்; இங்கே கடற்பறவைகள். இரண்டு இடத்திலும் பிரஜைகளிடமிருந்து மனு வராது. இப்படி ஒரு நிம்மதியான கலெக்டர் உத்தியோகம் நம் ஊரில் யாருக்கும் கிடைத்திருக்காது.

சட்டம் செய்வதும் அந்தக் கமிஷனர்தான். அவருக்கு மேலே, முடியரசரின் பெயரால் மந்திரிகள் பிறப்பிக்கும் உத்தரவு. அதற்குப் பார்லிமெண்டில் விவாதம் வேண்டியதில்லை, வோட்டு வேண்டியதில்லை. தீவில் கமிஷனருக்குப் பிரதிநிதியாகக் கடற்படை அதிகாரி ஒருவர். போலீஸ் உண்டு; சுங்கம் உண்டு; சுப்ரீம் கோர்ட்டுகூட உண்டு. 1968 முதல் தபால் தலையும் உண்டு. இல்லாதவை இரண்டே இரண்டுதான்: சட்டசபை, வாக்காளர்.

இந்தப் பிரதேசத்துக்கு முத்திரை ஒன்றும் செய்துவைத்திருக்கிறார்கள். இரண்டு பக்கமும் ஆமைகள். கீழே லத்தீன் மொழியில் ஒரு வாசகம். 'லிமூரியா எங்கள் பாதுகாப்பில் இருக்கிறது' என்பது அதன் பொருள். இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. லெமூரியா என்றால் தமிழனுக்குச் சும்மா இருக்க முடியுமா? 1864-ல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியல் அறிஞர், மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் ஒரே இனத்துப் பிராணிகளின் தடயங்கள் காணப்படுவதற்குக் காரணம் சொல்வதற்காக, கடலுக்குள் போன ஒரு நிலத்தைக் கற்பித்து, அதற்கு இந்தப் பெயரைச் சூட்டினார். அந்தப் பெயரை எடுத்து நாம் குமரிக் கண்டத்தோடு சேர்த்துக்கொண்டோம். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிகளில் கடல் கொண்ட நாட்டுக்காக நான் மேஜையைக் குத்தியது இன்னும் நினைவிருக்கிறது.

பூமி சாஸ்திரம் இன்று வேறு கதை சொல்கிறது. இந்திய நிலப்பரப்பு வடக்கே நகர்ந்தபோது, கடலடியில் இருந்த வெப்ப ஊற்று ஒன்று அதன் அடிவயிற்றைச் சுட்டது. சுமார் ஆறரைக் கோடி வருஷங்களுக்கு முன் தக்காணத்தின் எரிமலைப் பாறைகளைக் கொட்டியது அந்த ஊற்றுதான். லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் ஆகியவற்றின் அடியில் இருக்கும் கடல் மலைத்தொடரும் அதன் சுவடுதான். இன்று அது ரெயூனியன் தீவில் எரிமலையாகப் புகைந்துகொண்டிருக்கிறது. அந்த மலை உச்சிகளின் மேல் பவளப் பூச்சிகள் கட்டிய வீடுகள்தான் சாகோஸ் தீவுகள். ஆகவே கடல் கொண்ட கண்டம் அங்கே இல்லை. ஆனால் கடல் கொள்ளாமல், மனிதர் கொண்ட ஊர்கள் அங்கே இருந்தன. மேஜையைக் குத்த வேண்டிய இடம் அதுதான்.

அந்த ஊர்கள் உண்டான கதை நமக்குத் தெரிந்த கதைதான். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், மொரீஷியஸில் இருந்த பிரெஞ்சுக்காரர்கள் சாகோஸில் தென்னந்தோப்புப் போட ஆப்பிரிக்காவிலிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். 1814-ல் பாரிஸ் உடன்படிக்கைப்படி மொரீஷியஸோடு சேர்ந்து இந்தத் தீவுகளும் பிரிட்டிஷ்காரர் கைக்கு வந்தன. 1835-ல் அங்கே அடிமைத்தனம் ஒழிந்தது. அதன் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்கள் மொரீஷியஸுக்குப் போனார்கள். அவர்களில் தமிழர்கள் அநேகர். நம் ஊர்ச் சந்தையில் பச்சையாகத் தொங்குகிற மோரிஸ் பழத்தின் பெயரே அந்தத் தீவை நினைவூட்டுவது. மொரீஷியஸ் ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருப்பதும் பலருக்குத் தெரியும். அந்த இந்தியர்களில் சிலர் இன்னும் வடக்கே, சாகோஸ் தென்னந்தோப்புகளுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ஆப்பிரிக்க ரத்தமும் இந்திய ரத்தமும் கலந்து, பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழி பேசிக்கொண்டு, ஒரு ஜன சமூகம் அங்கே உருவாயிற்று.

ஆண்கள் மட்டை உரித்தார்கள். பெண்கள் தேங்காய் உடைத்துப் பருப்பெடுத்தார்கள். கொப்பரையும் எண்ணெயும் கப்பலேறின. கடல்காரர்கள் அவற்றுக்கு எண்ணெய்த் தீவுகள் என்றே பெயர் வைத்திருந்தார்கள். கூலி அற்பம்; தோட்ட முதலாளி வைத்ததுதான் சட்டம். ஆனால் வீடு உண்டு, மீன் உண்டு, கோழி உண்டு, கோயில் உண்டு, பாட்டன் பூட்டனின் கல்லறை உண்டு. ஐந்து தலைமுறை ஆன பிறகு அந்த இடத்துக்கு வேறு என்ன பெயர் சொல்ல முடியும்? சொந்த ஊர் என்றுதான் சொல்ல வேண்டும்.

இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பிறகு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஒவ்வொரு தேசமாகச் சுதந்திரம் அடைந்தது. சுதந்திரம் அடைந்த தேசம் எந்த நாளில் அந்நியப் பட்டாளத்தைப் போகச் சொல்லுமோ என்ற கவலை அமெரிக்காவுக்கு. யாரும் போகச் சொல்ல முடியாத இடம் ஒன்று வேண்டும் என்று தேடினார்கள். இந்து மகாசமுத்திரத்தின் நட்டநடுவில், நல்ல காயலோடு, டியகோ கார்சியா அகப்பட்டது.

அப்போது மொரீஷியஸும் சுதந்திரம் கேட்டுக்கொண்டிருந்தது. 1965 செப்டம்பரில் அதன் தலைவர்கள் லண்டனில் மாநாட்டுக்குக் கூடியிருந்தார்கள். 23-ம் தேதி காலையில் பிரதம மந்திரி ஹெரால்டு வில்சன், மொரீஷியஸ் தலைவர் ராம்கூலத்தைத் தனியே சந்தித்தார். சுதந்திரம் கிடைக்கும் என்ற ஆசையையும், தீவுகளைக் கொடுக்காவிட்டால் கிடைக்காதோ என்ற பயத்தையும் சேர்த்தே காட்ட வேண்டும் என்று உத்தியோகஸ்தர்கள் முன்கூட்டியே குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார்கள். அது பலித்தது. முப்பது லட்சம் பவுனுக்குத் தீவுகளைப் பிரிக்கச் சம்மதம் வாங்கிவிட்டார்கள். 1965 நவம்பர் 8-ல் மகாராணியின் பெயரால் ஓர் உத்தரவு. புதுப் பிரதேசம் பிறந்துவிட்டது. காலனியைத் துண்டாடாதே என்று அடுத்த மாதமே ஐக்கிய நாடுகள் சபை தீர்மானம் போட்டது. 1966 டிசம்பர் 30-ல் அமெரிக்காவோடு ஐம்பது வருஷ உடன்பாடு ஏற்பட்டது. வாடகை இல்லை, ஆனால் போலாரிஸ் ஏவுகணை விலையில் ஒரு கோடியே நாற்பது லட்சம் டாலர் தள்ளுபடி. இரண்டு தேசத்துச் சட்டசபைகளுக்கும் இது தெரியாது. 1975-ல்தான் வெளியே வந்தது.

இனி மிஞ்சியது ஒரு சங்கடம். தீவில் ஜனங்கள் இருக்கிறார்கள்! ஐக்கிய நாடுகள் சாசனத்தில் ஒரு விதி இருக்கிறது. தன்னாட்சி பெறாத ஜனங்களை ஆள்கிற தேசம், அவர்களுடைய நலனைத் தன் பொறுப்பாக ஏற்க வேண்டும். அவர்களைப் பற்றிச் சபைக்குத் தகவல் அனுப்ப வேண்டும். ஜனங்கள் உண்டு என்று ஒப்புக்கொண்டால் இந்தப் பொறுப்பு வந்து தலையில் ஏறும். ஆகவே, அங்கே ஊர் ஜனங்கள் என்று யாரும் இல்லை, வந்துபோகும் ஒப்பந்தக் கூலிகள்தான் இருக்கிறார்கள் என்று எழுதிவிடத் தீர்மானித்தார்கள். மனிதர்களை அப்புறப்படுத்துவதற்கு முன்னால் அவர்களைக் கணக்கிலிருந்து அப்புறப்படுத்தினார்கள். கப்பல் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பேனா.

1966-ல் வெளிநாட்டு இலாகாவின் பெரிய உத்தியோகஸ்தர்கள் எழுதிக்கொண்ட குறிப்புகள் பிற்காலத்தில் வெளியாயின. இனிமேல் அங்கே கடற்பறவைகளைத் தவிர வேறு சுதேசிகள் இருக்க மாட்டார்கள், பறவைகளுக்கு இன்னும் கமிட்டி ஏற்படவில்லை என்று ஒருவர் வேடிக்கையாக எழுதினார். துரதிருஷ்டவசமாகப் பறவைகளோடு சில டார்சன்களும், ராபின்ஸன் குருஸோவின் வேலைக்காரனான ஃப்ரைடேயைப் போன்ற சிலரும் இருக்கிறார்கள் என்று இன்னொருவர் பதில் எழுதினார். நாவல் எழுதுகிற எனக்கு இந்த இடத்தில் கூச்சமாக இருந்தது. கதைகளில் வரும் தீவுகள் எல்லாம் சொந்தக்காரன் இல்லாதவை. எஜமானன் ஒருவன் வந்து சேர்ந்த பிறகுதான் அங்கே சரித்திரம் ஆரம்பிக்கும். அப்படிப்பட்ட கதைகளைப் படித்து வளர்ந்தவர்கள், நிஜமான தீவைப் பார்த்தபோதும் அதில் கதாபாத்திரங்களையே கண்டார்கள்.

பிறகு காரியம் நடந்த விதத்தை ஒரு குடும்பத்தின் மூலம் சொல்கிறேன். பெரோஸ் பானோஸ் என்பது சாகோஸில் ஒரு தீவுத்தொகுதி. அங்கே இருந்த ரீத்தா பாங்கூல் என்ற தாய், 1968-ல் தன் சின்ன மகளின் காலை வண்டிச் சக்கரம் நசுக்கிவிட்டதால், குடும்பத்தோடு மொரீஷியஸ் ஆஸ்பத்திரிக்குக் கப்பலேறினாள். குழந்தை அங்கே இறந்துபோயிற்று. ஊர் திரும்பச் சீட்டு வாங்கப் போனபோது, உங்கள் தீவு விற்கப்பட்டுவிட்டது, இனிப் போக முடியாது என்று சொன்னார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் ஊரையும் பறித்துக்கொண்டார்கள். அவளைப்போலவே, மருந்துக்கும் சாமான் வாங்குவதற்கும் மொரீஷியஸ் போனவர்கள் ஒவ்வொருவராகக் கரையிலேயே நிறுத்தப்பட்டார்கள். இதற்கிடையில் பிரிட்டிஷ் சர்க்கார் 1967-ல் தோட்டங்களை 6,60,000 பவுனுக்கு விலைக்கு வாங்கியிருந்தது. தீவுக்கு வரும் கப்பல்கள் குறைந்தன. அரிசியும் மாவும் மருந்தும் குறைந்தன.

1971-ல் கமிஷனர் ஒரு சட்டம் செய்தார்: அநுமதிச் சீட்டு இல்லாமல் யாரும் அந்தப் பிரதேசத்தில் இருக்கக் கூடாது. ஐந்து தலைமுறையாகப் பிறந்து வாழ்ந்தவர்கள் ஒரு காகிதத்தால் அத்துமீறிப் புகுந்தவர்கள் ஆகிவிட்டார்கள். அந்த வருஷமே டியகோ கார்சியா காலியாயிற்று. 1972-ல் சாலமன் தீவுகள். 1973-ல் பெரோஸ் பானோஸ். மொத்தம் ஆயிரத்தைந்நூறிலிருந்து இரண்டாயிரம் பேர் வரை. ஆளுக்கு ஒரு பெட்டி மட்டுமே எடுத்துப் போகலாம். சரக்குக் கப்பலில் உரமூட்டைகளின் மேல் படுத்துக்கொண்டு வந்ததாகப் பிற்பாடு அவர்கள் சொன்னார்கள்.

போகும்போது நாய்களைக் கூட்டிப்போக விடவில்லை. அந்த நாய்களைக் கொன்றுவிடும்படி உத்தரவு வந்தது. முதலில் சுட்டுப் பார்த்தார்கள்; பிறகு விஷம் வைத்தார்கள்; கடைசியில் கொப்பரை உலர்த்தும் கொட்டகைக்குள் அடைத்து, வண்டிகளின் புகையை உள்ளே செலுத்திக் கொன்றார்கள். கொப்பரைக் களம் என்றால் என்ன என்று தெரிந்த ஊர்க்காரன் நான். ஒரு வருஷத்து உழைப்பும் ஒரு வீட்டுச் சாப்பாடும் அங்கேதான் உலரும். அந்த இடத்தையே அப்படி ஆக்கினார்கள் என்று படித்த அன்று, அண்ணாச்சியின் செக்கில் வழக்கமான வாசனை எனக்குப் பிடிக்கவில்லை.

மொரீஷியஸ் தலைநகரான போர்ட் லூயியின் சேரிகளில் அவர்கள் ஒண்டினார்கள். தேங்காய் உரிக்கத் தெரிந்த கைகளுக்குப் பட்டணத்தில் வேலை இல்லை. காரணம் தெரியாமல் பலர் மெலிந்து செத்தார்கள். அந்த நோய்க்கு அவர்கள் மொழியில் 'சாக்ரென்' என்று பெயர். தமிழில் ஏக்கம் என்று சொல்லலாம். 1972-ல் பிரிட்டன் மொரீஷியஸ் சர்க்காருக்கு 6,50,000 பவுன் கொடுத்தது. அது ஜனங்கள் கைக்கு வர வருஷக்கணக்கில் ஆயிற்று. பெண்கள் தெருவில் இறங்கினார்கள், உண்ணாவிரதம் இருந்தார்கள். 1982-ல் இன்னும் நாற்பது லட்சம் பவுன் வந்தது. திரும்பிப் போகும் உரிமையைக் கைவிடுவதாக அதற்காகப் பலரிடம் வாங்கிய கைநாட்டு, படிக்கத் தெரியாதவர்கள் வைத்தது.

இதைக் கேட்கும்போது நம் பக்கத்து ஜனங்களுக்கு இன்னொன்று நினைவுக்கு வரும். 1964 அக்டோபர் 30-ல் சிறிமாவோ அம்மையாரும் லால்பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் இருந்த நம்மவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதியைப் பிறகு பார்க்கலாம் என்று பங்கு பிரித்தார்கள். அந்த மலைகளிலேயே பிறந்தவர்களிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. சிறு வயதில் எங்கள் தெருவில், மூன்று தகரப் பெட்டிகளோடு வந்து இறங்கிய ஒரு குடும்பத்தை எனக்குத் தெரியும். ஊரார் அதற்குச் 'சிலோன்காரர் வீடு' என்று பெயர் வைத்தார்கள். தாய்நாட்டுக்கு வந்துவிட்டீர்கள் என்று எல்லோரும் சொல்ல, அந்த வீட்டுப் பாட்டி மட்டும் சாயங்காலங்களில் மேற்கே குற்றால மலையைப் பார்த்து, "எங்க மல இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். சாகோஸ்காரர்களுக்கு அப்படிப் பார்த்துக்கொள்ள ஒரு மலைகூட இல்லை.

ரீத்தாவின் மகன் ஒலிவியே பாங்கூல், வளர்ந்து மின்சார வேலை செய்பவரானார். அவர் லண்டன் கோர்ட்டில் வழக்குப் போட்டார். 2000 நவம்பர் 3-ல் தீர்ப்பு வந்தது. பிரதேசத்தின் அமைதிக்கும் ஒழுங்குக்கும் நல்லாட்சிக்கும் சட்டம் செய்யத்தான் கமிஷனருக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறது. ஆள்வது என்றால் ஜனங்களை ஆள்வதுதான், அவர்களை அகற்றுவது ஆட்சியில் சேராது. ஆகையால் 1971-ம் வருஷச் சட்டம் செல்லாது என்று நீதிபதிகள் சொன்னார்கள். பாவூர்சத்திரத்துச் செக்கில் அண்ணாச்சி கேட்ட கேள்வியும் இதுதான். அவர் கேட்டது திருநெல்வேலித் தமிழ். நீதிபதிகள் எழுதியது சட்ட இங்கிலீஷ். வேறு வித்தியாசம் இல்லை.

சர்க்கார் அப்போது அப்பீல் செய்யவில்லை. ஆனால் 2004 ஜூன் 10-ல், பிரிட்டிஷ் ஜனங்கள் உள்ளூர் ஸ்தாபனங்களுக்கும் ஐரோப்பியப் பார்லிமெண்டுக்கும் வோட்டுப் போட்டுக்கொண்டிருந்த அதே நாளில், பார்லிமெண்டைக் கேட்காமல் மகாராணியின் பெயரால் இரண்டு உத்தரவுகள் பிறந்தன. கமிஷனர் செய்தால்தானே செல்லாது? இப்போது முடியே செய்கிறது! மறுபடியும் யாரும் அங்கே போக முடியாது. கீழ்க் கோர்ட்டுகள் அதையும் தவறு என்றன. 2008 அக்டோபர் 22-ல் பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஐவரில் மூவர் சர்க்கார் பக்கம், இருவர் ஜனங்கள் பக்கம். ஒரே ஒரு வோட்டில் ஒரு தேசம் போயிற்று. 2010-ல் அந்தக் கடல் முழுவதையும் மீன் பிடிக்கக் கூடாத காப்புப் பிரதேசமாக அறிவித்தார்கள். மீனுக்கும் பவளத்துக்கும் பாதுகாப்புக் கிடைத்தது. 2015-ல் சர்வதேச நடுவர் மன்றம் அந்த அறிவிப்பு முறையற்றது என்றது. 2019 பிப்ரவரி 25-ல் ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம், மொரீஷியஸிலிருந்து தீவுகளைப் பிரித்ததே சட்டப்படி சரியல்ல என்று 13-க்கு 1 என்ற கணக்கில் அபிப்பிராயம் சொன்னது. அந்த வருஷம் மே மாதம் ஐக்கிய நாடுகள் சபையில் 116 தேசங்கள் மொரீஷியஸ் பக்கம் கை தூக்கின, ஆறுதான் எதிர்ப்பு. இந்தியா 116-ல் ஒன்று.

குடிகள் இல்லாத அந்த ராஜ்யத்துக்கு 2021-ல் எதிர்பாராமல் குடிகள் வந்தார்கள். வந்தவர்கள் தமிழர்கள். அக்டோபர் 3-ம் தேதி, கனடா போகக் கிளம்பிய மீன்பிடி படகு ஒன்று நடுக்கடலில் தத்தளிக்க, பிரிட்டிஷ் கப்பல் அதை டியகோ கார்சியாவுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. இலங்கைத் தமிழர்கள் 89 பேர், குழந்தைகளும் உண்டு. அடைக்கலம் கேட்டு அந்தப் பிரதேசத்தில் மனுச் செய்த முதல் மனிதர்கள் இவர்கள்தான்.

மனுவை வாங்கிக்கொள்ளக் கமிஷனர் இருந்தார். ஆனால் அடைக்கலம் கொடுக்கச் சட்டம் இல்லை. அகதிகளுக்கான சர்வதேச ஒப்பந்தத்தைப் பிரிட்டன் அந்தத் தீவுக்கு விஸ்தரிக்கவே இல்லை. மனிதர்கள் இல்லாத இடத்துக்கு எதற்கு என்று விட்டிருந்தார்கள் போலும். சுற்றிலும் வேலி, உள்ளே கூடாரங்கள், கூடாரத்துக்குள் எலிகள், வாசலில் காவல். ஒரு மாதம் இரண்டு மாதமல்ல, மூன்று வருஷம்! அங்கே பிறந்த குழந்தைகளும் உண்டு. பட்டினி கிடந்து பார்த்தார்கள். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவர்களும் உண்டு. வைத்தியத்துக்கு என்று சிலரை ருவாண்டாவுக்கு அனுப்பினார்கள்.

அப்போதுதான், அலங்காரமாக இருந்த அந்த சுப்ரீம் கோர்ட்டுக்கு வேலை வந்தது. 2024 ஜூலையில் நீதிபதியும் வக்கீல்களும் தீவுக்குப் புறப்பட்டபோது அமெரிக்கர்கள் வரக் கூடாது என்று தடுத்தார்கள். ஒரு தேசத்தின் நீதிபதி தம்முடைய எல்லைக்குள்ளேயே போக, இன்னொரு தேசத்துப் பட்டாளத்திடம் அநுமதி கேட்டு நின்றார் என்றால், அங்கே ஆட்சி யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. செப்டம்பரில் அநுமதி கிடைத்தது. டிசம்பர் தொடக்கத்தில் அவர்களில் பெரும்பாலோரை பிரிட்டனுக்குக் கூட்டிப் போனார்கள். டிசம்பர் 16-ல் தீர்ப்பு: இத்தனை காலமும் அவர்களை அடைத்து வைத்தது சட்டவிரோதம், அந்த முகாமுக்குச் சிறை என்று பெயர் மட்டும்தான் இல்லை.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் பிரிட்டனும் மொரீஷியஸும் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருந்தன. 2025 மே 22-ல் கையெழுத்தாயிற்று. அண்ணாச்சி பத்திரிகையில் பார்த்தது அந்தச் செய்திதான். தீவுகள் மொரீஷியஸுடையவை என்று பிரிட்டன் ஒப்புக்கொள்வது. டியகோ கார்சியாவை மட்டும் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்துக்கொள்வது. அதற்கு வருஷத்துக்குச் சராசரி பத்துக் கோடியே பத்து லட்சம் பவுன் கொடுப்பது. மற்றத் தீவுகளில் விரும்பினால் மொரீஷியஸ் ஜனங்களைக் குடியேற்றலாம் என்பது. கையெழுத்துப் போட்டால் மட்டும் போதாது. அதை நடைமுறைக்குக் கொண்டுவர பிரிட்டிஷ் பார்லிமெண்டில் சட்டமும் ஆக வேண்டும்.

காலனி ஆட்சி முடிவதற்கான ஏற்பாடு என்று பலர் மகிழ்ந்தார்கள். நானும் அதைக் குறை சொல்லவில்லை. பறித்ததை ஒப்புக்கொள்வதே பெரிய காரியம். ஆனாலும் கையெழுத்தான நாளில் நடந்த ஒன்றை மறக்க முடியவில்லை. டியகோ கார்சியாவில் பிறந்த இரண்டு பெண்கள், எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரைப் பற்றி முடிவு செய்கிறார்கள் என்று முந்திய இரவே கோர்ட்டுக்குப் போனார்கள். நடுராத்திரிக்கு மேல் தடையுத்தரவு கிடைத்தது. விடிந்ததும் வக்கீல்கள் வாதாடினார்கள், மத்தியானத்துக்குள் தடை நீங்கிற்று, கையெழுத்து விழுந்தது. சாகோஸ்காரர்களிலேயே சிலர் இந்த ஒப்பந்தத்தை வரவேற்கிறார்கள். ஒலிவியே பாங்கூல் அவர்களில் ஒருவர். சிலர் எதிர்க்கிறார்கள். எது சரி என்று சொல்ல நான் யார்? 1965-ல் மேஜையில் இரண்டு சர்க்கார்கள் உட்கார்ந்திருந்தன. 2025-லும் இரண்டு சர்க்கார்களே உட்கார்ந்திருந்தன. மூன்றாவது நாற்காலி ஒன்றை யாரும் கொண்டுவந்து போடவில்லை என்பதை மட்டும் சொல்லலாம்.

தீவு என்பது நம் ஜனங்களுக்குப் புதிய பயம் அல்ல. 1802-ல் பாளையக்காரர் போரில் பிடிபட்டவர்களைத் தூத்துக்குடியில் கப்பலேற்றிப் பினாங்குத் தீவுக்குக் கடத்தினார்கள். பிற்காலத்தில் அந்தமான் வந்தது. ராஜாங்கத்தை எதிர்த்தவனைத் தீவுக்கு அனுப்பினார்கள். சாகோஸ்காரர்கள் யாரையும் எதிர்க்கவில்லை, தேங்காய்தான் உரித்தார்கள். அவர்களைத் தீவிலிருந்து அனுப்பினார்கள்.

இவ்வளவையும் நான் அண்ணாச்சிக்கு ஒரே நாளில் சொல்லவில்லை; பல நாட்களில், கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னேன். தமிழர்கள் மூன்று வருஷம் அடைபட்டுக் கிடந்ததைச் சொன்ன அன்று அவர் கணக்கு நோட்டை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்:

"நம்ம ஊருக்கு ஏன் வே பாவூர்சத்திரம்னு பேரு?"

"சத்திரம் இருந்ததால்."

"ஆமா. திருநெல்வேலிக்கும் தென்காசிக்கும் நடந்து போறவன் ராத்திரி தங்கட்டும்னு எவனோ ஒரு புண்ணியவான் நாலு சுவரு எழுப்பினான். அவன் ராசாவும் இல்ல, கமிஷனரும் இல்ல. வந்தவன்ட்ட சீட்டு இருக்கான்னு கேட்டிருப்பானா?"

நான் பதில் சொல்லவில்லை. அவர் பேரன் அட்லாஸில் அந்தப் புள்ளிகளைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தான். பக்கத்தில் கொட்டை எழுத்தில், 'இங்கே ஆட்கள் இருந்தார்கள்' என்று எழுதியிருந்தான். பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் கிறுக்கலாமா என்று அண்ணாச்சி அவனைக் கோபித்தார். ஆனால் அழிக்கச் சொல்லவில்லை.